பதினொரு கோல் அடித்த பையனை இப்போது கொடுத்துவிடலாமா?

கேள்வி: ஐயா, புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஒரு கால்பந்து கிளப்பின் செயலாளர் நான். வீராம்பட்டினத்துப் பையன் ஒருவன் எங்களுக்கு ஃபார்வர்டாக ஆடுகிறான். வயது 19. போன சீசனில் 14 ஆட்டங்களில் 11 கோல் அடித்தான். இந்த சீசனில் 9 ஆட்டம் முடிந்துவிட்டது; ஒரே ஒரு கோல். கோல்கீப்பர் மட்டும் எதிரில் நிற்கும்போதுகூட வெளியே அடிக்கிறான். மைதானத்தில் நம் ஆட்களே அவனைப் பார்த்துக் கத்துகிறார்கள். கடலூர் கிளப் ஒன்று அவனைக் கேட்கிறது. பதிலுக்கு 28 வயதுள்ள, அனுபவமான ஃபார்வர்டு ஒருவரைத் தருகிறேன் என்கிறார்கள். நாங்கள் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடும் நிலையில் இருக்கிறோம். கமிட்டி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வைத்துக்கொள்ளலாமா, மாற்றிக்கொள்ளலாமா? போன வருடம் அவனோடு சேர்ந்து ஆடிய மூத்த ஃபார்வர்டு வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டார் என்பதையும், அப்பாவுக்கு முதுகில் அடிபட்டதிலிருந்து பையன் கடலுக்கும் போய்வருகிறான் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

பதில்:

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

வைத்துக்கொள்ளுங்கள். இந்த சீசன் முடியும்வரை மாற்றும் பேச்சையே எடுக்காதீர்கள். கடலூரிலும் புதுவையிலும் முப்பது ஆண்டுகளாகப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறவன் என்ற முறையில் இதைத் தயங்காமல் சொல்கிறேன். காரணத்தை நான் எங்கும் தேடிப் போகவில்லை. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில். மூத்தவர் போய்விட்டார், பையன் கடலுக்குப் போகிறான் என்ற அந்த இரண்டு செய்திகளையும் கடிதத்தின் தலைப்பில் வைத்து மறுபடி படித்துப் பாருங்கள்.

முதலில் கடல். ஃபைபர் படகில் போகிறவன் என்றால் இரவு இரண்டு, மூன்று மணிக்கே எழுந்தாக வேண்டும். அலையைத் தாண்டிப் படகைத் தள்ளி, வலை விட்டு, வலை இழுத்துக் கரைக்கு வரும்போது காலை எட்டு, ஒன்பது ஆகிவிடும். பிறகு வலையிலிருந்து மீனைக் கழற்ற வேண்டும், ஏலம் முடிய வேண்டும், கிழிந்த வலையைப் பார்க்க வேண்டும். பகலில் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்தால் அதிகம். சாயங்காலம் உங்கள் மைதானத்தில் வந்து நிற்கிறான். பயிற்சிக்கு வராமல் ஏமாற்றுகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்பது ஆட்டத்தையும் ஆடியிருக்கிறான். அதைப் படித்தபோது அந்தப் பிள்ளையை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

தூக்கம் இல்லாதவனுக்கு முதலில் போவது ஓட்டம் என்று நினைக்கிறோம். ஓட்டத்தை இளமை தாங்கிப் பிடித்துவிடும். முதலில் போவது பெனால்டி பகுதிக்குள் தேவைப்படும் அந்தக் கண நேரத்து முடிவு. கோல்கீப்பர் எந்தக் காலில் நிற்கிறார், பந்து எவ்வளவு எழும்புகிறது, உள்ளங்காலால் தட்டுவதா ஓங்கி அடிப்பதா என்பதையெல்லாம் கண் திறந்து மூடுவதற்குள் முடிவு செய்ய வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 11 கூடைப்பந்து வீரர்களைச் சில வாரங்கள் கூடுதலாகத் தூங்கவைத்துப் பார்த்தார்கள். இரவில் 10 மணி நேரம் படுக்கையில் இருப்பதுதான் இலக்கு. பயிற்சியில் வேறு மாற்றம் எதுவும் செய்யவில்லை. கூடைக்குள் பந்து போடும் துல்லியம் 9 சதவீதம் கூடியது, ஓட்டமும் விரைவானது. 2011இல் வெளியான ஆய்வு இது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் நம் மைதானங்களில் நான் கண்ணால் பார்த்ததோடு அது ஒத்துப்போகிறது. உங்கள் பையன் கோல்கீப்பரை நேருக்கு நேர் சந்திக்கும்போது வெளியே அடிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்துக்கு ஓடிப்போய்ச் சேருகிறான் என்பதைக் கவனித்தீர்களா? கால் போகிறது, தலைதான் களைத்திருக்கிறது.

ஆகவே கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னால் நீங்கள் போக வேண்டிய இடம் வீராம்பட்டினம். அவன் வீட்டுக்குப் போங்கள். அப்பாவைப் பாருங்கள், முதுகு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். படகு சொந்தமா, பங்குக்குப் போகிறார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். பங்குக்குப் போகிற குடும்பத்தில் ஒரு நாள் ஆள் போகாவிட்டால் அன்றைய பங்கு இல்லை, அவ்வளவுதான் கணக்கு. ஆட்டத்துக்கு முந்தைய நாளும் ஆட்ட நாளும் அவன் கடலுக்குப் போகாமல் இருக்க அந்த இரண்டு நாள் பங்கைக் கிளப் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். சொந்தப் படகு என்றால் அந்த இரண்டு நாளைக்குப் பதில் ஆள் ஏற்பாடு செய்ய உதவுங்கள். மீதமிருக்கும் ஆட்டங்கள் எத்தனை? அந்தச் செலவை எழுதிப் பாருங்கள். வெளியூர் ஃபார்வர்டு ஒருவர் வந்தால் அவருக்குப் போக்குவரத்து, சாப்பாடு, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கப்போகிறீர்களே, அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூடவே பையனுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். வளர்ந்த ஆணுக்கு ஹீமோகுளோபின் 13க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. நம் பிள்ளைகள் பலர் அது தெரியாமலேயே சீசன் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது, சென்னைக்குப் போன மூத்தவர். போன வருடம் இவன் எப்படிக் கோல் அடித்தான் என்று உங்கள் பயிற்சியாளரிடம் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொல்லச் சொல்லுங்கள். நான் பார்க்காமலேயே ஓரளவு ஊகிக்கிறேன்: மூத்தவர் முன்னால் நின்று எதிரணியின் இரண்டு தடுப்பாட்டக்காரர்களையும் தன் உடம்போடு கட்டிப்போட்டிருப்பார், உயரமாக வந்த பந்தைத் தலையால் இறக்கிக் கொடுத்திருப்பார், இவன் பின்னாலிருந்து ஓடிவந்து, கோலைப் பார்த்தபடியே அடித்திருப்பான். இப்போது அந்த இடத்தில் இவனை நிறுத்தியிருக்கிறீர்கள். கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முப்பது வயது ஆட்கள் இருவர் பின்னாலிருந்து இடிக்க, பந்தை அடக்கித் திரும்ப வேண்டும். அது வேறு வேலை. அதைக் கற்கப் பல வருடம் ஆகும், உடம்பும் நிறைய வேண்டும்.

முன்னால் நிற்க வேறொருவரைப் பாருங்கள். உயரமான தடுப்பாட்டக்காரர் யாராவது உங்களிடம் இருப்பார். கோல் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, முட்டிக்கொண்டு நிற்கத் தெரிந்தால் போதும். இந்தப் பையனை அவருக்குப் பின்னாலோ இடது ஓரத்திலோ விடுங்கள். பயிற்சி முடிந்த பிறகு தூரத்திலிருந்து ஐம்பது பந்தை ஓங்கி அடிக்கவிடுவது நம் ஊர் வழக்கம். அதை நிறுத்துங்கள். கோல்களில் பெரும்பகுதி பெனால்டி பகுதிக்குள்ளிருந்துதான் விழுகிறது. அதிலும் பாதிக்கு மேல் பந்தை அடக்காமல் ஒரே தட்டில் அடிப்பவை. பக்கவாட்டிலிருந்து வரும் பந்தைப் பன்னிரண்டு தப்படி தூரத்தில் ஒரே தட்டில் முடிக்கும் பயிற்சி, பதினைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். களைப்போடு செய்தால் தவறான பழக்கம்தான் படியும்.

கணக்கையும் ஒரு முறை நிதானமாகப் பார்க்க வேண்டும். உலகின் பெரிய லீக்குகளிலேயே கோலை நோக்கி அடிக்கும் பத்து ஷாட்டில் ஏறக்குறைய ஒன்றுதான் உள்ளே போகிறது. உங்கள் பையன் ஆட்டத்துக்கு இரண்டு ஷாட் அடிக்கிறான் என்று வையுங்கள். 9 ஆட்டத்தில் 18. அந்த விகிதத்தில் இரண்டு கோல் வர வேண்டிய இடத்தில் ஒன்று வந்திருக்கிறது. அவ்வளவு பெரிய பள்ளம் இல்லை. போன வருடத்து 11 கோலில் திறமையோடு நல்ல நேரமும் சேர்ந்தே இருந்திருக்கும். அந்த எண்ணை அவனுடைய நிரந்தர அளவாக வைத்துக்கொண்டதால்தான் இந்த ஒன்று உங்களுக்கு இவ்வளவு கசக்கிறது. அடுத்த மூன்று ஆட்டங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஒருவரை கேலரியில் உட்காரவையுங்கள். பெனால்டி பகுதிக்குள் அவனிடம் எத்தனை முறை பந்து வந்தது, எத்தனை முறை அடித்தான், எங்கிருந்து அடித்தான் என்பது மட்டும் போதும். ஷாட் குறையாமல் கோல் மட்டும் குறைந்திருந்தால் பொறுத்திருங்கள். பந்தே வரவில்லை என்றால் குறை உங்கள் நடுக்களத்தில். பந்து வரும் இடத்துக்குப் போவதையே அவன் நிறுத்திவிட்டான் என்றால், அது பயம். அதுதான் எனக்கு உண்மையான கவலை. தவறவிட்டுத் திட்டு வாங்குவதைவிடப் பந்துக்குப் போகாமல் இருப்பது மேல் என்று ஒரு பிள்ளை முடிவெடுத்துவிட்டால், அவனை அங்கிருந்து மீட்பது கடினம்.

உங்கள் ஆட்களே கத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் கத்துகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் கிளப்பின் பழைய ஆட்டக்காரர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். அந்தப் பையன் எத்தனை மணிக்கு எழுந்துவிட்டு இங்கே வந்து நிற்கிறான் என்று சொல்லுங்கள்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் நான் பயிற்சி கொடுத்த ஒரு கிளப்பில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். இடது காலில் அவ்வளவு அழகாகப் பந்தைத் தொடுவான். தொடர்ந்து ஆறு ஆட்டம் எதுவும் சரியாக அமையவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை கமிட்டி கூடி அவனை வேறு ஊர் கிளப்புக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு தடுப்பாட்டக்காரரைக் கேட்டு வாங்குவது என்று முடிவு செய்தது. நான் அந்த அறையில் இருந்தேன். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனிடம் செய்தியைச் சொன்னதும் நான் இல்லை; மைதானத்தில் கோல் வலை கட்டுகிறவர் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது. அவன் அந்தப் புதிய கிளப்புக்குப் போகவே இல்லை. பூட்ஸை யாரோ சின்னப் பையனுக்குக் கொடுத்துவிட்டான். அந்த ஆறு ஆட்டங்களின்போது அவன் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார் என்பதும், இரவில் கூட இருந்தது இவன்தான் என்பதும் இரண்டு மாதம் கழித்து எனக்குத் தெரியவந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கடலூர் முதுநகரில் இப்போதும் அவனைப் பார்க்கிறேன், மரியாதையாகத்தான் பேசுகிறான். கால்பந்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

கமிட்டியில் எதிர்ப்பவர்கள் பெரிய உதாரணம் கேட்டால் 2013ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லெஸ்டர் அணியின் பெஞ்சைச் சொல்லுங்கள். அன்று அங்கே மாற்று ஆட்டக்காரர்களாக உட்கார்ந்திருந்த இருவரில் ஒருவர் ஹாரி கேன். டாட்டன்ஹாம் கிளப் அவரை அதற்கு முன்பே லேட்டன் ஓரியன்ட், மில்வால், நார்விச் என்று வரிசையாக லோனுக்கு, அதாவது சிறிது காலத்துக்கு இரவலாக, அனுப்பியிருந்தது. லெஸ்டர் நான்காவது லோன். இன்னொருவர் ஜேமி வார்டி. பத்து லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கப்பட்டவர், அந்த முதல் சீசனில் லீக்கில் 4 கோல்தான் அடித்தார். ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்தவரை லெஸ்டரின் பயிற்சியாளர்கள் பேசி நிறுத்தி வைத்தார்கள். 2015-16 பிரீமியர் லீக்கில் டாட்டன்ஹாமுக்காகக் கேன் 25 கோல், லெஸ்டருக்காக வார்டி 24 கோல். கோப்பை லெஸ்டருக்கு.

எல்லாரையும் எப்போதும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. செல்சி கிளப் 2014 ஜனவரியில் கெவின் டி புரூய்னைப் போதிய ஆட்டம் கொடுக்காமலே விற்றது; அதே மாதம் முகமது சாலாவை வாங்கி, அவருக்கும் போதிய ஆட்டம் கொடுக்காமல் பிறகு விட்டுவிட்டது. இருவரும் வேறு மண்ணில் வேர் பிடித்து, திரும்ப அதே லீக்குக்கு வந்து உச்சத்துக்குப் போனார்கள். கிளப்புக்கு நஷ்டம், ஆட்டக்காரர்களுக்கு நல்லதாகவே முடிந்தது. ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எங்கே இருந்தால் இவன் ஆடுவான்? கேனை அனுப்பியபோதும் அவர் பதிவைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஆட்டத்துக்காகத்தான் டாட்டன்ஹாம் அனுப்பியது.

இனி அந்த மாற்று ஏற்பாட்டுக்கு வருகிறேன். ‘மாற்றிக்கொள்ளலாமா’ என்று நீங்கள் எழுதியதைப் படித்து எனக்கு வருத்தம்தான். அமெரிக்கக் கூடைப்பந்து லீகில் ஒரு வீரரை அவர் சம்மதம் கேட்காமலேயே இன்னொரு அணிக்கு மாற்றிவிட முடியும். கால்பந்தில் அப்படி முடியாது. ஆட்டக்காரர் ஒப்புக்கொண்டால்தான் பதிவு மாறும். உங்கள் பையனுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா? நம் மட்டத்துக் கிளப்புகளில் பெரும்பாலும் இருக்காது. வழிச்செலவும் பூட்ஸும் கொடுத்திருப்பீர்கள். அப்படியானால் அவன் அமெச்சூர் ஆட்டக்காரன். அவனுக்குத் தெரியாமல் கடலூர்க்காரர்களோடு எவ்வளவு பேசினாலும் அந்தப் பேச்சுக்கு மதிப்பு இல்லை.

கடலூர் பக்கம்தானே, பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் என்று கமிட்டியில் யாராவது சொல்வார்கள். தூரம் குறைவுதான், ஆனால் எல்லைப் பக்கத்துக் கன்னியக்கோயிலைத் தாண்டினால் சங்கம் மாறிவிடுகிறது. புதுச்சேரி கால்பந்துச் சங்கம் வேறு, தமிழ்நாடு கால்பந்துச் சங்கம் வேறு. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் ஆட்டக்காரர் பதிவு முறையான சி.ஆர்.எஸ்.ஸில் இது மாநிலம் விட்டு மாநிலம் போகும் மாற்றம். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பைக்குப் புதுச்சேரி தனி அணியாகப் போகிறது. காரைக்கால், மாஹே பிள்ளைகளோடு போட்டியிட்டு அதில் இடம் பிடிப்பது 19 வயதுப் பையனால் எட்டக்கூடிய உயரம். தமிழ்நாட்டில் சென்னை வியாசர்பாடி, குமரிக் கடற்கரை என்று எத்தனை நூறு பேரைத் தாண்ட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். பதிவை மாற்றுவதற்கு முன் மாநில அணித் தேர்வில் அவன் நிலை என்ன ஆகும் என்று உங்கள் சங்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாநில அணிக்கு ஆடிய சான்றிதழ் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பேசும். உங்கள் மூத்த ஃபார்வர்டு சென்னைக்குப் போனது எப்படியோ எனக்குத் தெரியாது. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் பணிக்கு வந்தவர். படகில் அப்பாவின் இடத்தில் நிற்கிற பிள்ளைக்குக் கால்பந்து என்பது அந்தக் குடும்பத்தின் இன்னொரு வழியும்கூட.

இறங்கிவிடுவோமோ என்ற உங்கள் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. டிவிஷன் இறங்கினால் நன்கொடை கொடுப்பவர்கள் கை சுருங்கும், நல்ல பையன்கள் வேறு கிளப்புக்குப் போவார்கள். ஆனால் ஒரு புது ஃபார்வர்டு உங்கள் நடுக்களத்தோடு பழகவே நாலைந்து ஆட்டம் ஆகும். அதற்குள் சீசன் முடிந்துவிடும். அந்த 28 வயதுக்காரர் உண்மையிலேயே நல்லவர் என்றால் கடலூர் கிளப் அவரை ஏன் விடுகிறது என்றும் கேட்டுப் பாருங்கள். முழங்காலைப் பார்க்காமல் யாரையும் வாங்காதீர்கள். அவர் மட்டும் தனியாக, பையனைக் கொடுக்காமல் கிடைப்பார் என்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் நிற்க ஒருவர் உங்களுக்கு வேண்டும்தானே? இவனுக்கு அவர் நல்ல துணையாகவும் இருக்கலாம்.

சீசன் முடிந்த பிறகும் இதே நிலை என்றால், பையனை உட்காரவைத்து, அப்பாவையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். போக விருப்பமா என்று கேளுங்கள். விருப்பம் என்றால் ஒரு சீசனுக்கு லோனில் அனுப்புங்கள். அங்கே எந்த இடத்தில் ஆடவைப்பார்கள், பயிற்சி எத்தனை மணிக்கு, கடலுக்குப் போகிற நாட்களில் என்ன செய்வார்கள் என்பதையெல்லாம் முன்னாலேயே பேசி, வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கடலூர் கிளப்புக்கு இந்த வாரமே பதில் சொல்லிவிடுங்கள். இழுத்தடித்தால் செய்தி ஊரைச் சுற்றிப் பையன் காதுக்கு வேறு விதமாகப் போகும். அதற்கு முன் அவனிடம் நீங்களே சொல்லுங்கள்: உன்னைக் கேட்டார்கள், நாங்கள் கொடுக்கவில்லை என்று. பயிற்சி முடிந்து எல்லாரும் போனபிறகு சொல்லுங்கள். சொல்லிவிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்குப் படகு என்று கேளுங்கள்.